2,38,000 கி.மீ ஓடிய 1994 எம்எக்ஸ்-5: என்ன ஒயில் விடலாம்?

திறந்தகூரை94 | ஸ்காபரோ

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். இங்கே கனடாவில் மியாட்டா என்று சொல்லி விற்ற அதே கார். 1.8 எஞ்சின், ஐந்து கியர் மனுவல், மீற்றரில் 2,38,000 கி.மீ. முந்தைய சொந்தக்காரர் பனிக்காலத்தில் வெளியே எடுக்காமல் கராஜிலேயே வைத்திருந்தவர். அதனால் கதவுக்குக் கீழே, பின் சில்லுக்கு முன்னால் துரு மிகக் குறைவு. சேர்விஸ் பற்றுச்சீட்டுகள் 2015 வரை இருக்கின்றன. அதற்குப் பிறகு என்ன ஒயில் விட்டார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினின் மேல்பக்கத்தில் இருந்து டிக் டிக் என்று சத்தம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். சில நாட்களில் நிற்காமல் கூடவே வரும். 1,500 கி.மீக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒயில் குறைகிறது. நீலப் புகை கண்ணில் படவில்லை. ஆனால் நிறுத்தும் இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறது.

கையேடு 10டபிள்யூ-30 என்கிறது, குளிருக்கு 5டபிள்யூ-30. கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க ஒயில்: ஹை மைலேஜ், ஃபுல் சிந்தெடிக், ஐரோப்பிய 5டபிள்யூ-40, டீசல் ஒயில். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாவித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

அம்பத்தூர்_எஸ்டேட் | சென்னை

பாஸ், இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? ரெண்டு லட்சம் கி.மீ தாண்டிய எஞ்சினில் உள்ளே எல்லா இடைவெளியும் தேய்ந்து பெருசாகியிருக்கும். கெட்டியான ஆயில் ஊற்றினால் இடைவெளி அடைபடும், சத்தம் குறையும், ஆயில் குடிப்பதும் குறையும். 20டபிள்யூ-50 மினரல், விலையும் கம்மி. எங்க பக்கத்தில் பழைய கார் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பிசுபிசுப்பு | ஹூஸ்டன்

லூப்ரிகண்ட் துறையில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் நண்பர் சொல்வதில் பாதி சரி. எஞ்சின் சூடான பிறகு கெட்டியான ஆயில் பேரிங்கில் தடிமனான படலம் தரும், பிரஷரும் ஏறும். ஆனால் திறந்தகூரைக்கு இருக்கும் சத்தம் குளிர்ந்த எஞ்சினில் வருகிறது. அங்கேதான் 20டபிள்யூ-50 இடிக்கிறது.

பாட்டிலில் டபிள்யூ-வுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், கடைசியில் வரும் எண் 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதையும் சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 அதற்கும் மேல். இந்தக் கணக்கில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 40 டிகிரிக்கு வந்து பாருங்கள்: ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஏறத்தாழ 60 சென்டிஸ்டோக், 5டபிள்யூ-40 ஏறத்தாழ 85, 20டபிள்யூ-50 ஏறத்தாழ 160. டொரண்டோவில் ஏப்ரல் மாதக் காலை இரண்டு மூன்று டிகிரியில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்காகும். 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் செத்துவிடாது, பம்ப் இழுக்கத்தான் செய்யும். ஆனால் ஹெட்டுக்கு, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதிக்கு, போய்ச் சேர நேரமாகும்.

அந்த எஞ்சினின் ஹெட்டில் பதினாறு ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர் இருக்கின்றன, வால்வுக்கு ஒன்று. சுருக்கமாக எச்எல்ஏ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன அறை, அதில் ஆயில் நிறைந்து நின்றால்தான் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இருக்கும். ராத்திரி நின்ற காரில் சிலது வடிந்துவிடும். காலையில் ஆயில் வந்து நிரப்பும்வரை டிக் டிக். மெல்லிய துளை வழியாக, கெட்டியான ஆயில் சீக்கிரம் நிரப்புமா, இளகிய ஆயில் சீக்கிரம் நிரப்புமா?

பழைய_ஸ்பானர் | மிசிசாகா

தம்பி, ஆயில் எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த ஒரு லிட்டர் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? புகை இல்லை, தரையில் சொட்டு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு பங்காவது வெளியேதான் போகிறது. எந்த பிராண்டு ஊற்றினாலும் ஓட்டை வழியாக அதுவும் போகும்.

கோயம்புத்தூரில் தொழில் பழகி, இங்கே வந்தும் அதே வேலைதான். இந்த கார்கள் நிறைய என் கையில் வந்திருக்கின்றன. ஹெட்டின் பின்பக்கத்தில், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று செருகியிருக்கும். அதில் ஒரு ரப்பர் ஓ-ரிங். முப்பது வருஷச் சூட்டில் அது பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்துவிடும், கழற்றினால் சட்டென்று ஒடியும். அங்கிருந்து கசியும் ஆயில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல்ஹவுசிங் மேலே வடிந்து கீழே சொட்டும். கீழே இருந்து பார்க்கிறவர் கிராங்கின் பின் சீல் போச்சு என்பார். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பில் பெரிதாக வரும். ஓ-ரிங்கின் விலையோ ஒரு காப்பிக் காசு.

நீங்களே செய்யலாம். சென்சாரைத் தளர்த்துவதற்கு முன்னால் அதன் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள். அந்தச் சென்சாரைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங் வைக்கிறார்கள், கோடு இல்லாவிட்டால் அப்புறம் டைமிங் லைட் தேட வேண்டும். பழையது ஒடிந்தால் துண்டு உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேம் கவர் கேஸ்கெட். பின் மூலைகளில், கவர் வளைந்து ஏறும் இடத்தில், கொஞ்சம் சிலிகான் சீலண்ட் வைக்காவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் கசியும். அப்புறம் பிசிவி வால்வு, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் காற்றை வெளியே எடுப்பது. கவரிலேயே இருக்கும், கையால் பிடுங்கி ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் அடைத்திருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் கிராங்க்கேஸ் காற்று வழி தெரியாமல் ஆயிலையும் சேர்த்துத் தள்ளும், சீல்கள் வழியாகவும் இன்டேக் வழியாகவும்.

இன்னொன்று. உங்களுடையது 1994. உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த வருஷம் வரைக்கும்தான் டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டர் உண்மையாக அளக்கும். 1995 முதல் அது வெறும் சுவிட்ச். பிரஷர் இருந்தால் ஊசி நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் கீழே விழும், அவ்வளவுதான். உங்கள் ஊசி சூடான ஐட்லில் எங்கே நிற்கிறது, 3000 ஆர்பிஎம்மில் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். சென்சார் பழசு என்ற சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கல் கேஜ் ஒன்று மாட்டிப் பாருங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கட்டைவிரல் கணக்கு.

ரெட்லைன்_எஸ்2கே | லண்டன்

பழைய ஸ்பானர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டு 10டபிள்யூ-30 என்று நிற்பது எனக்குப் புரியவில்லை. என் ஹோண்டா எஸ்2000 9000 ஆர்பிஎம் வரை ஏறும், அதற்கு எஸ்டர் கலந்த ரேசிங் ஆயில்தான் ஊற்றுகிறேன். பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-க்கு கம்பெனியே 10டபிள்யூ-60 போடச் சொன்னது. ஜிங்க் அதிகமாக உள்ள ஆயில் பழைய எஞ்சினுக்கு நல்லது என்றும் படித்திருக்கிறேன். இப்போது வரும் ஆயில்களில் ஜிங்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

பிசுபிசுப்பு | ஹூஸ்டன்

எம்3 கதை அந்த எஞ்சினோடு சேர்ந்தது. 8000 ஆர்பிஎம் ஓடும் எஸ்54, ஆரம்ப வருஷங்களில் ராட் பேரிங் பிரச்சினை வந்தது, 10டபிள்யூ-60 அந்த எஞ்சினுக்காக எடுத்த முடிவு. 1.8 மியாட்டாவின் சிவப்புக் கோடு 7000-ஐ ஒட்டி. 128 குதிரைத்திறன். பேரிங்குக்கு அந்த மாதிரிச் சுமை இல்லை.

ஜிங்க் விஷயம் பாதி உண்மை. ஐஎல்எஸ்ஏசி என்ற பெட்ரோல் கார் ஆயில் தரம் கேட்கும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் பாஸ்பரஸ் 600 முதல் 800 பிபிஎம் வரை என்று வரம்பு இருக்கிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற. 40 கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் ஜிங்க் குறைந்தால் அடிபடுவது பெரிய புஷ்ராடு வி8-களில், வலுவான ஸ்பிரிங் வைத்த ஃபிளாட் டேப்பெட் கேம்கள். மியாட்டாவின் பக்கெட் டேப்பெட்டும் மெல்லிய ஸ்பிரிங்கும் கடையில் கிடைக்கும் சாதாரண ஆயிலிலேயே நிம்மதியாக ஓடும். கன்வெர்ட்டர் உள்ள காரில் ஜிங்க் பாட்டில் வாங்கித் தனியாகக் கலக்க வேண்டாம்.

ரேசிங் ஆயில் என்று எழுதியதில் பல வகைகள் அடிக்கடி மாற்றுவதற்கென்றே தயாரித்தவை. சுத்தம் செய்யும் டிடர்ஜெண்ட் அவற்றில் குறைவாக இருக்கலாம். வார இறுதியில் ஓட்டி, மாசக்கணக்கில் நிறுத்தும் காருக்கு அது பொருந்தாது.

அம்பத்தூர்_எஸ்டேட் | சென்னை

சார், புத்தகம் பேசுகிறது. எங்க ஊரில் மே மாதம் 40 டிகிரி. உங்க 5டபிள்யூ-30 தண்ணியாப் போயிடும்.

பிசுபிசுப்பு | ஹூஸ்டன்

ஹூஸ்டனும் குளுகுளு ஊர் இல்லை நண்பரே. :) வெளியே 5 டிகிரியோ 40 டிகிரியோ, தெர்மோஸ்டாட் கூலன்ட்டை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும், சாதாரண ஓட்டத்தில் ஆயிலும் 90, 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். டிராஃபிக்கில் கொஞ்சம் ஏறும். ஊரைப் பொறுத்து மாறுவது முதல் எண்தான். சென்னையில் 20டபிள்யூ ஸ்டார்ட் ஆகும், வின்னிபெக்கில் ஆகாது.

கயூகா_வளைவு | ஹாமில்டன்

நான் 1995 எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன், கோடையில் கயூகா டிராக்குக்கு எடுத்துப் போவேன். டிராக் ஓட்டினால் கணக்கு வேறு. ஆயில் 120-க்கு மேல் போகும், அங்கே எச்டிஎச்எஸ் எண் முக்கியம். சூட்டிலும் வேகத்திலும் நசுங்கும்போது படலம் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. பாட்டிலின் பின்னால் ஏசிஇஏ ஏ3/பி4 (ஐரோப்பியத் தரம்) என்று இருந்தால் 3.5-க்குக் குறையாது.

என் காரில் ஏ3/பி4 5டபிள்யூ-40. தெருவுக்கும் அதுவே. காலை டிக் டிக் எனக்கும் இருந்தது. இதற்கு மாறிய பிறகு எப்போதாவதுதான் கேட்கிறது. ஒரு காரணம், டிராக்கில் 6000-க்கு மேலே நல்லா ஓட்டினால் எச்எல்ஏ-வுக்குள் மாட்டிய காற்று வெளியேறிவிடும். சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் மியாட்டாதான் அதிகம் டிக்குகிறது என்பது என் அபிப்பிராயம். வாரத்தில் ஒரு தரமாவது நன்றாகச் சூடேறிய பிறகு ஹைவே ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்து விடுங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவை எஃப் (ஃபுல்) கோட்டிலேயே வைத்திருங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பாதி அளவில் ஓடினால் பம்ப் காற்றை இழுக்கும்.

பழைய_ஸ்பானர் | மிசிசாகா

கயூகா தம்பி, 5டபிள்யூ-40-க்கு நான் விரோதி இல்லை. ஆனால் இவர் டிராக்குக்குப் போகவில்லை. நான் ஹை மைலேஜ் 10டபிள்யூ-30 ஊற்றுவேன். அதில் சீல்களைக் கொஞ்சம் இளக்கி உப்ப வைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். வால்வலின் மேக்ஸ்லைஃப் 2000-இல் இந்த வகையை ஆரம்பித்தது, இப்போது எல்லாக் கம்பெனியிடமும் உண்டு. விறைத்துப் போய் லேசாகக் கசியும் சீலுக்கு உதவும். ஒடிந்த ஓ-ரிங்கை ஒட்ட வைக்காது, அதை மாற்றத்தான் வேண்டும்.

திறந்தகூரை94 | ஸ்காபரோ

சிந்தெடிக் விட்டால் பழைய எஞ்சினில் கசிவு தொடங்கும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அது உண்மையா? எஞ்சினை ஃபிளஷ் பண்ணிவிட்டுத்தான் விட வேண்டும் என்றும் சொன்னார்கள், தனிக் காசு.

பிசுபிசுப்பு | ஹூஸ்டன்

1970-களில் வந்த ஆரம்பகால சிந்தெடிக் சில சீல்களைச் சுருக்கியது, அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. இன்றைய ஆயில் சீலைக் கெடுக்காது. ஏற்கெனவே வெடித்த சீலைச் சுற்றி உறைந்திருந்த அழுக்கைக் கரைத்து, இருந்த கசிவை வெளியே காட்டலாம். அப்புறம், வட அமெரிக்காவில் சிந்தெடிக் என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி நன்றாகச் சுத்திகரித்த பெட்ரோலிய ஆயில்தான். மொபிலும் காஸ்ட்ராலும் இதற்காகச் சண்டை போட்டு, 1999-இல் விளம்பர ஒழுங்கு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. நடைமுறையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நல்ல ஆயில்கள்தான்.

ஆயில் குறைவதற்கு இன்னொரு கோணம்: ஆவியாதல். சூட்டில் ஆயில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனையில் ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்கத் தர ஆயில் 15 சதவீதம் வரை இழக்கலாம், ஏ3/பி4-க்கு வரம்பு 13, பென்ஸின் 229.5 ஒப்புதல் உள்ளதற்கு 10. ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது பிராண்டு பார்த்து வாங்குவதைவிட நல்லது. அதனால்தான் என் ஓட்டும் ஏ3/பி4 5டபிள்யூ-40-க்கு.

பழைய_ஸ்பானர் | மிசிசாகா

ஃபிளஷ் வேண்டாம். கேம் கவரைக் கழற்றத்தான் போகிறீர்கள், அப்போது உள்ளே பாருங்கள். பொன்னிறப் படலம் என்றால் நல்ல எஞ்சின். கருத்துக் கட்டி கட்டியாக இருந்தால் ஃபிளஷ் அதை ஒரே நாளில் பெயர்த்து, பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையில் கொண்டுபோய் அடைக்கும். அப்படி இருந்தால் நல்ல ஆயில் ஊற்றி 2,000 கி.மீ-இல் மாற்றுங்கள், மறுபடி ஊற்றி மறுபடி மாற்றுங்கள். மெதுவாகக் கரையட்டும்.

ஃபில்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த காரில் அது இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்து, சாய்ந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் ஆன்டி டிரெயின்பேக் வால்வு விறைத்துப் போனால் ராத்திரியில் ஆயில் பின்னாலே வடியும், காலையில் டிக் டிக். சிலிகான் வால்வு உள்ள ஃபில்டர் வாங்குங்கள். கழற்ற வலப்பக்க முன் சில்லைக் கழற்றி அந்த வழியாகக் கையை விடுங்கள், முதலில் ஃபில்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு. இல்லாவிட்டால் முழங்கை வரை வழியும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.

திறந்தகூரை94 | ஸ்காபரோ

எல்லாம் செய்து, ஓட்டியும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சென்சார் ஓ-ரிங் ஸ்பானர் அண்ணா சொன்ன மாதிரியே மூன்று துண்டாக வந்தது. பெல்ஹவுசிங் மேலே ஒயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பு மெழுகு போல இருந்தது, சுரண்டித்தான் எடுத்தேன். கேம் கவருக்குள் பொன்னிறம், கட்டி இல்லை. பிசிவி வால்வு கலகலக்கவே இல்லை, புதிது போட்டேன்.

ஒயில் ஏ3/பி4 5டபிள்யூ-40. கனேடியன் டயர் கடையில் விலைக்கழிவில் ஐந்து லீற்றர் கேன் கிடைத்தது. ஃபில்டரோடு ஏறத்தாழ நான்கு லீற்றர் போனது, மிச்சம் டிக்கியில் இருக்கிறது. நண்பரின் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தோம்: சூடான ஐட்லில் 18 பிஎஸ்ஐ, 3000-இல் 48.

காலைச் சத்தம் இப்போது ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்திலேயே நிற்கிறது. ஒயில் 1,500 கி.மீக்கு கால் லீற்றர்தான் குறைந்தது. ஆனால் ஒரு வால்வு மட்டும், முன்பக்கத்தில், சூடான பிறகும் மெல்லிசாக டிக்குகிறது. நீண்ட ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டேன், இன்டேக் பக்கம்.

ரெட்லைன்_எஸ்2கே | லண்டன்

பார்த்தீர்களா, 40 கிரேடு வேலை செய்தது.

பழைய_ஸ்பானர் | மிசிசாகா

ஓ-ரிங், கேஸ்கெட், பிசிவி, ஃபில்டர், ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யார் சொல்வது? முக்கால் லிட்டரை நிறுத்தியது ஓ-ரிங்கும் பிசிவியும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பிசுபிசுப்பு | ஹூஸ்டன்

பந்தயத்துக்கு நான் வரவில்லை, நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். காலைச் சத்தத்தில் மட்டும் ஆயிலுக்கும் பங்கு உண்டு என்பேன்.

திறந்தகூரை, பிரஷர் நன்றாகவே இருக்கிறது, 50 கிரேடு பக்கம் போகக் காரணம் இல்லை. அடுத்த தரம் மாற்றும்போது ஒரு மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்புங்கள், இண்டியானாவில் ஃபோர்ட் வேனில் இருக்கும் பிளாக்ஸ்டோன் மாதிரி இடத்துக்கு. ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங். சோடியம், பொட்டாசியம் என்றால் கூலன்ட் கலக்கிறது. சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்டர் பக்கம் தூசி நுழைகிறது, புதுக் கேஸ்கெட்டுக்குப் போட்ட சீலண்ட்டாலும் முதல் தரம் கொஞ்சம் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழைய_ஸ்பானர் | மிசிசாகா

அந்த ஒரு எச்எல்ஏ-வுக்கு அவசரம் இல்லை. இரண்டு ஆயில் மாற்றம் வரை பொறுங்கள், 3,000 கி.மீ இடைவெளியில். பிறகும் டிக்கினால் கேம்ஷாஃப்டைக் கழற்றி அந்த ஒன்றை வெளியே எடுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் போல அமுங்கினால் போனது. கேமைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுக்க வேண்டும், அதனால் பெல்ட் மாற்றும் நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரே கூலி.

திறந்தகூரை94 | ஸ்காபரோ

நன்றி அண்ணா. நவம்பரில் கராஜில் போட்டுவிடுவேன். ஒயிலை நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுவதா, ஏப்ரலில் எடுக்கும்போதா?

கயூகா_வளைவு | ஹாமில்டன்

முன்னால். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அது ஐந்து மாதம் பேரிங் மேல் உட்கார வேண்டாம். மாற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டி நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். நடுவில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைக்காதீர்கள், சூடு ஏறாமல் ஈரம்தான் சேரும். ஏப்ரலில் அதே ஆயிலோடு ஓட்டலாம்.

அம்பத்தூர்_எஸ்டேட் | சென்னை

டிக்கியில் மிச்சமிருக்கும் அந்த ஒரு லிட்டரை என் ஸ்கூட்டருக்கு அனுப்பி வையுங்க பாஸ். :)

பிசுபிசுப்பு | ஹூஸ்டன்

கிளட்ச் ஆயிலில் நனையும் பைக் என்றால் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற பைக் ஆயில் தரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பரவாயில்லை, ஆனாலும் அதன் கையேட்டில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள். 20டபிள்யூ-50 வேண்டாம்.